பத்தடியும் ஆறு மணல் வாளிகளும்

என் தங்கையின் கணவரை அச்சகத்தில் யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. ‘பத்தடி’ என்றால்தான் தெரியும். மை கலக்கும் அறைப் பக்கம் யார் வந்தாலும், “பத்தடி தள்ளி நில்லு!” என்று கத்துவார். முதலாளியின் மாமனார் ஒருமுறை சுற்றிப் பார்க்க வந்தபோது அவரையும் அப்படியே நிறுத்தினார். ஒருநாள் நான் நாடா வைத்து அளந்து பார்த்தேன். அவர் ஆட்களை நிறுத்தும் இடம் வாசலிலிருந்து பதினொன்றரை அடி. இதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லும் நிலையில் நாங்கள் இல்லை.

நான் அதே அச்சகத்தில் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். என் கம்பிவலை ஜன்னலும் அவருடைய அறை வாசலும் எதிரெதிரே. நடுவில் ஒரு தூண், தூணில் ஓர் ஆணி. அவருக்கு வேண்டியதைச் சீட்டில் எழுதி ஆணியில் குத்துவார். நான் எடுத்துப் படித்துச் சாமானை அனுப்புவேன். நான் சொல்ல வேண்டியதும் அப்படியே சீட்டில் போகும். பதினோரு ஆண்டுகள் எங்கள் பேச்சுவார்த்தை முழுவதும் அந்த ஆணியில்தான் நடந்தது.

“நடுவுல ஒரு தபால் பெட்டி வச்சு ஸ்டாம்பும் ஒட்டிக்கங்க, ரெண்டு பேரும்” என்பாள் தங்கை.

காரணம் இது. பெண் பார்க்க வந்த நாளிலிருந்து அவர் முழுக்கைச் சட்டையில்தான் இருந்தார். கல்யாணத்துக்குப் பிறகுதான் தங்கை அந்த இடது கையைப் பார்த்தாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் மெழுகு போல வழவழத்திருந்தது. சின்ன வயதில் கொதிக்கிற தண்ணீர் கொட்டியது என்றார். அடுத்த ஆண்டு எங்கள் அச்சகத்துக்கே வேலைக்கு வந்தார். மை கரைக்கும் தின்னர் பீப்பாய் கொண்டுவரும் லாரி ஓட்டுநர் அவரைப் பார்த்ததும் என்னிடம் வந்து விஷயத்தைச் சொன்னார். பழைய அச்சகத்தில் தின்னர் கொட்டியபோது இவர் கழிவுக் காகிதத்தை அள்ளிப் போட்டுத் துடைத்திருக்கிறார். காகிதம் திரியாகப் பற்றிக்கொண்டது. இவருக்குக் கை வெந்தது. உடன் வேலை செய்தவருக்கு உயிர் போனது.

அந்த ஞாயிறு என் வீட்டுக் கூடத்தில், உறவினர் ஒன்பது பேர் முன்னிலையில் நான் சொன்னேன்: “ஆளைக் கொன்னுட்டு, கையைச் சட்டைக்குள்ள ஒளிச்சுக்கிட்டு வந்து பொண்ணு கட்டியிருக்காரு.” அவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அதன்பிறகு என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை.

ஆள் எப்படிப்பட்டவர் என்பதை ஒழுங்காக எழுத வேண்டும். நல்லவர் என்று எழுத மனம் வரவில்லை. யாரோடும் உட்கார்ந்து சாப்பிட மாட்டார். யார் நலம் விசாரித்தாலும் “உனக்கெதுக்கு?” என்பார். உரசினால் பொறி பறக்கும் என்று, நைலான் சட்டை போட்டு வந்த ஒருவரை வாசலிலிருந்தே வீட்டுக்கு அனுப்பினார். பீப்பாயிலிருந்து டப்பாவுக்கு ஊற்றும்போது இரண்டையும் செம்புக் கம்பியால் இணைத்துத் தரைக்கம்பியில் மாட்டாவிட்டால், வாயில் வராத வார்த்தையெல்லாம் வரும். தின்னர் துடைத்த துணியை மூடி போட்ட இரும்புத் தொட்டியில்தான் போட வேண்டும். ஒரு துணி வெளியே கிடந்தால் அதை எடுத்துக்கொண்டு போய், போட்டவரின் சாப்பாட்டுப் பையின் மேல் வைத்துவிட்டு வருவார். அவருடைய சுவரில் ஆறு கொக்கிகள், ஆறு சிவப்பு மணல் வாளிகள். மணலில் பீடித்துண்டு கிடந்தால் அன்று முழுவதும் அச்சகத்தில் யாருக்கும் நிம்மதி கிடையாது.

“இவர் பொண்டாட்டியக்கூட பத்தடி தள்ளித்தான் படுக்கச் சொல்லுவாரு” என்று இரண்டாம் மெஷின்காரர் என் ஜன்னலருகே வந்து சொல்லிச் சிரித்தார். அவள் என் தங்கை என்பது அவருக்குத் தெரியும். நானும் சிரித்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. வருடாந்தரச் சரிபார்ப்புக்காக எல்லாச் சாமானுக்கும் எண் எழுதிக்கொண்டிருந்தேன். நாற்காலி, ஏணி, தராசு எல்லாம் முடிந்தன. காலை 9.15க்கு ஆறு மணல் வாளிகளையும் இறக்கி, மணலை முன்வாசலுக்கு வெளியே கொட்டிவிட்டு, பெயிண்டரிடம் கொடுத்தேன். பத்தடி அப்போது பின்முற்றத்தில் பீப்பாய் இறக்கிக்கொண்டிருந்தார். வழக்கப்படி சீட்டு எழுதி ஆணியில் குத்தினேன்: “வாளி 6, எண் எழுத எடுக்கப்பட்டது.” அதன் மேல் மற்றவர்களின் சீட்டுகள் ஏழு குத்தப்பட்டன. முற்றத்துக்குப் பதினைந்து எட்டு நடந்து போய் வாயால் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

11.40க்கு இரண்டாம் மெஷின்காரர் தள்ளுவண்டியில் இருபது லிட்டர் தின்னரைத் தள்ளிக்கொண்டு போனார். மை அறை வாசல் படியில் சக்கரம் இடித்தது, டப்பா சாய்ந்தது. மூடி சரியாக இறுக்கப்படவில்லை. தரையெல்லாம் தின்னர். அங்கிருந்த மூன்று பேரும், எது கொட்டினாலும் அச்சகத்துக்காரர்கள் செய்வதைத்தான் செய்தார்கள். கையில் கிடைத்த கழிவுத் தாளை அள்ளி மேலே போட்டார்கள்.

“பேப்பர எடுங்கடா! எடுங்கடா பாவிங்களா!” முற்றத்திலிருந்து அப்போதுதான் உள்ளே ஓடிவந்த பத்தடியின் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. “சுவிட்ச தொடாதே! வெளிய போய் மெயின அணை!”

திரும்பிச் சுவரைப் பார்த்தார். ஆறு கொக்கிகளும் காலியாக இருந்தன. பிறகு கம்பிவலை வழியாக என்னைப் பார்த்தார். இரண்டு நொடி இருக்கும்.

அதற்குள் ஒருவர் பிளாஸ்டிக் சுருளை இழுத்துத் தின்னர் மேல் போட்டார். உரசலில் சின்னதாக ‘டிக்’ என்று ஒரு சத்தம், ஒரு பொறி. தரை நீலமாக எரிந்தது, பிறகு தாள்கள் மஞ்சளாக எரிந்தன. எல்லோரும் ஓடினோம். பத்தடி ஓடவில்லை. தரை எரிகிறது, இந்த மனிதர் உள்ளே நின்று பீப்பாய் மூடிகளை ஒவ்வொன்றாகத் திருகிக்கொண்டிருக்கிறார்! பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். நான்கு மூடிகளையும் இறுக்கிவிட்டு, மையில் கலக்கும் சுண்ணப்பொடி மூட்டைகள் இரண்டைக் கிழித்து, தின்னர் மெஷின் பக்கம் ஓடாதபடி வரப்பு கட்டினார். மணல் இருந்திருந்தால் அரை நிமிட வேலை. பிறகு நுரை சிலிண்டரைத் தூக்கி, தீயின் மேல் அடிக்காமல் எதிர்ச் சுவரில் அடித்தார். நுரை வழிந்து போர்வை போலத் தீயின் மேல் இறங்கியது.

அந்த நேரத்தில் இரண்டாம் மெஷின்காரர் தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு வந்தார். “தண்ணியா? மிதந்துக்கிட்டே மெஷினுக்குப் போகும்டா!” என்று பத்தடி அவர் முழங்காலில் ஓர் உதை விட்டார். ஆள் குழாயோடு கீழே விழுந்தார். 11.49க்குத் தீ அணைந்தது. 12.06க்குத் தீயணைப்பு வண்டி வந்தது. யாருக்கும் தீக்காயம் இல்லை. முழங்கால் வீக்கம் ஒன்று.

அந்த முழங்காலும் காலிக் கொக்கிகளும் மேலாளருக்குப் போதுமானவையாக இருந்தன. அவருக்குப் பத்தடியை வெளியேற்ற நீண்ட நாள் ஆசை. விசாரணை வெள்ளிக்கிழமை என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். மணல் வாளி மை அறைப் பொறுப்பாளரின் பொறுப்பு. அது இடத்தில் இல்லையென்றால் வேலை போகும். ஓய்வுக்கு நான்கு ஆண்டு இருக்கும் ஆளை, அந்தக் கையோடு, வேறு யார் சேர்த்துக்கொள்வார்கள்?

வியாழன் மதியம் மேலாளர் என் ஜன்னலுக்கு வந்தார். என் பதிவேட்டில் ‘வெளியே போன நேரம்’ 9.15 என்று இருந்தது. ‘திரும்பிய நேரம்’ காலி.

“இதுல ஒரு பத்தரைன்னு போட்டுடுங்க சார். வாளி திரும்பி வந்தாச்சு, மாட்டாதது அவரு தப்பு. உங்களுக்கும் அவருக்கும் ஆகாதுன்னு ஊருக்கே தெரியும். கசக்கவா போகுது?”

“பாக்கலாம்” என்றேன். கசக்கவில்லை என்பதே உண்மை.

அன்று மாலை தங்கை வந்தாள். உட்காரவில்லை. “நோட்டுல என்ன எழுதப்போறேன்னு கேக்க வரலண்ணா. உன்கிட்ட கெஞ்சவும் வரல. அவரு மூணு நாளா மூலையில உக்காந்து கையையே பாத்துக்கிட்டிருக்காரு. அன்னிக்கு கூடத்துல நீ சொன்னத நான் ஒருநாளும் அவர்கிட்ட சொல்லிக் காட்டினதில்ல, தினமும் அவரே அவருக்குச் சொல்லிக்கிறாரு. அவ்வளவுதான்.” போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை பத்தடி தம் சட்டைப்பையிலிருந்து என் சீட்டை எடுத்து மேசையில் அறைந்தார். நடுவில் ஆணி குத்திய ஓட்டை. “இதுக்கு மேல ஏழு சீட்டு குத்தியிருந்துச்சு. தீ அணைஞ்சப்புறம்தான் பாத்தேன். கேளுங்க உங்க ஸ்டோர் கீப்பர.”

மேலாளர் சிரித்தார். “மச்சான் எழுதின சீட்ட மாப்பிள்ளை காட்டுறாரு. நேத்து ராத்திரி வீட்ல உக்காந்து எழுதினதா? பதிவேடு பேசட்டும்.” என் பதிவேட்டை வாங்கிப் பிரித்தார். முகம் மாறியது. “திரும்பின நேரம் ஏன் எழுதல?”

“அன்னிக்குத் திரும்பல. எழுதல.”

“அப்புறம் எப்பத்தான் வந்துச்சு?”

“புதன்கிழமை மூணு மணி. பெயிண்ட் காயல. அடுத்த பக்கத்துல இருக்கு, பாருங்க.”

முழங்கால் பற்றிக் கேட்டபோது பத்தடி, “மறுபடி தண்ணி எடுத்துட்டு வந்தா மறுபடி உதைப்பேன்” என்றார். மெஷின்காரர் ஏதோ முனகினார். ஆனால் தீயணைப்பு அதிகாரி எழுதிக் கொடுத்திருந்த அறிக்கையும் தண்ணீரைப் பற்றி அதையே சொன்னதால் பேச்சு அத்துடன் நின்றது. அவர் வேலை தப்பியது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். கோப்பில் வைத்திருக்கிறேன்.

வெளியே நடைபாதையில் பத்தடி எனக்காக நின்றிருந்தார். பதினோரு ஆண்டுகளில் முதல்முறையாக என்னைப் பார்த்துப் பேசினார்.

“எனக்காக செஞ்சதா நெனப்பு வச்சுக்காதீங்க மச்சான். உங்க நோட்டுக்காக செஞ்சீங்க.”

“ஆமா மாப்பிள்ளை. நோட்டுக்காகத்தான்.”

“பதினஞ்சு எட்டு. நடந்து வந்து சொல்ல முடியல உங்களால.”

பதிவேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஸ்டோருக்கு நடந்தேன்.

மறுநாள் காலை தூணில் ஆணி இல்லை. குறடால் பிடுங்கியிருந்தார். சரியாக எட்டு மணிக்கு என் கம்பிவலையைக் கட்டையால் தட்டி, தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்: “மச்சான்! வாளி ஆறு! எழுதிக்கிட்டீங்களா, இல்ல அதையும் எங்கயாவது பெயிண்ட் அடிக்க அனுப்பிட்டீங்களா?” ஓய்வு பெறும்வரை வேலைநாள் தவறாமல் இதே கேள்வி, இதே ஏச்சு. அவர் பத்தடி தள்ளி நிற்கச் சொல்லாத ஒரே ஆள் நான்தான். திட்டுவதற்கு அருகில் இருப்பது அவருக்கு வசதியாக இருந்தது.

கடைசி நாளன்றும் வந்தார். வழியனுப்பப் போட்ட மாலையைக் கழற்றி என் ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, சுவரைப் பார்த்து விரல் விட்டு எண்ணினார்.

“ஆறு. மூணாம் நம்பர்ல பெயிண்ட் உரிஞ்சிருக்கு. அடிக்கிறதா இருந்தா மாட்டின எடத்துலயே வச்சு அடிங்க.”

எழுதிக்கொண்டேன்.