மொட்டைமாடி முலாம்பழம்

பக்கத்து வீட்டுக்குப் புது மெத்தை வந்திருக்கிறது. மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாளைப் பிரித்து வாசலில் போட்டிருந்தார்கள். வெயில் பட்டதும் ஒரு வாசனை எழுந்தது. நல்ல வாசனை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எனக்கு அது புனே பக்கம் ஆகுர்டியில் நான் குடியிருந்த வீட்டு மொட்டைமாடியின் வாசனை. சூடான பிளாஸ்டிக், ஈர மண், அதற்கடியில் லேசாகக் கொடியின் பச்சை வாடை.

அப்போது அதே பக்கம் தளேகாவில் ஒரு ரோஜாப் பண்ணையில் எனக்கு வேலை. வெளிநாட்டுக்குப் போகிற ரோஜா. பெரிய பெரிய பிளாஸ்டிக் கூடாரங்களில் வளரும். பாலிஹவுஸ் என்போம். அந்த ரோஜாவுக்கு வாசனையே கிடையாது. ஊரில் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

மனைவியும் மகள் சுதாவும் முதலில் என்னோடுதான் இருந்தார்கள். ஒருநாள் சுதா தூக்கத்தில் மராத்தியில் பேசினாள். மனைவிக்குப் பொறுக்கவில்லை. "புள்ள கனவுகூட அவங்க பாஷையில காணுது. ரெண்டு வருஷம் ஊர்ல படிக்கட்டும்" என்றாள். சரி என்றேன். நான் அவ்வளவுதான் பேசுவேன். சோளிங்கர் பக்கம் அவள் அண்ணன் வீட்டுக்குப் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எஸ்.டி.டி. பூத்திலிருந்து அவர்கள் தெருமுனை மருந்துக்கடைக்குப் போன் செய்வேன். கடைக்காரர் ஆளனுப்பிக் கூப்பிடுவார்.

"நல்லா இருக்கியா?"

"இருக்கேம்பா."

"படிக்கிறியா?"

"படிக்கிறேம்பா."

அதோடு தீர்ந்துவிடும். கண்ணாடிக் கூண்டுக்குள் மீட்டரில் சிவப்பு எண் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அந்தப் பக்கம் அவள் மூச்சு கேட்கும். மூச்சுக்கும் அதே காசுதான்.

பண்ணையில் பழைய தாளை மாற்றியபோது சூப்பர்வைசரைக் கேட்டு ஒரு கட்டு கிழிசல் வாங்கி வந்தேன். மூங்கில் நட்டு, சைக்கிள் டியூபைக் கீற்றாக வெட்டிக் கட்டி, மாடியில் சின்னதாக ஒரு கூடாரம் போட்டேன். குனிந்துதான் உள்ளே போக முடியும். வீட்டுக்கார அம்மாள், மாவ்ஷி என்று கூப்பிடுவோம், படியேறி வந்து பார்த்தார்.

"அண்ணா, லக்னாச்சா மாண்டவ் கா?"

கல்யாணப் பந்தலா என்று கேட்கிறார். பையிலிருந்து முலாம்பழ விதையை எடுத்துக் காட்டினேன். தலையில் அடித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

ஜனவரியில் தகர டப்பாக்களில் விதை போட்டேன். புனேயில் ஜனவரிக் குளிர் உங்களுக்குத் தெரிந்திருக்கும். வெளியில் போட்டால் விதை அப்படியே கிடக்கும். கூடாரத்துக்குள் முளைத்தது. அந்த ஞாயிறு சுதாவிடம் சொன்னேன்.

"எத்தினி எலைப்பா?" என்றாள்.

அடுத்த வாரம் அவளே முந்திக்கொண்டாள். "கொடி ஏறுச்சாப்பா? கயிறு கட்னியா?" மே லீவுக்கு வரும்போது தானேதான் பழத்தை அறுப்பாளாம். அதற்குப் பிறகு வாரம் முழுக்க, அவளிடம் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று ஒவ்வொரு இலையாகத் தூக்கிப் பார்ப்பேன்.

பூ வந்தது. மஞ்சளாக வந்து, உதிர்ந்தது. காய் பிடிக்கவில்லை. பண்ணையில் ஒரு பூச்சி நுழைந்தாலும் திட்டு விழும். அதே பழக்கத்தில் ஓரமெல்லாம் களிமண் வைத்து அடைத்திருந்தேன். அதில் பெருமை வேறு. ரோஜாவில் பூவோடு வேலை முடிந்தது, காய் வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. எனக்குத் தோன்றவே இல்லை.

சுதாவுக்குத் தோன்றியது. "உள்ள தேனீ வருதாப்பா?"

"கொசுகூட வராது."

"அய்ய, அப்ப எப்டிக் காய்க்கும்? ஆண் பூ, பெண் பூன்னு ரெண்டு இருக்குதுப்பா. பெண் பூவுக்குக் கீழ குட்டிக் காயாட்டம் உப்பலா இருக்கும். ஆண் பூவப் பிச்சி அதும்மேல தேய்ச்சுடு. புக்குல போட்டுருக்குது."

பின்னால் மனைவி குரல் கேட்டது. "கடையில நின்னுக்குனு பேசுற பேச்சாடி இது?" மருந்துக்கடைக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். பூத்துக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சிரித்து அவர் பார்த்ததில்லை.

ஒரே ஒரு காய் நின்றது. கனம் தாங்காமல் கொடி அறுந்துவிடும் என்று பழைய பனியனைக் கிழித்துத் தொட்டில் கட்டினேன்.

மே மாதம் மனைவி போனில் சொன்னாள். "இந்த லீவுக்கு வரலீங்க. அண்ணன் புது வீட்டுக்குக் குடி போறாரு. வேல நெறைய கெடக்குது."

சரி என்றேன். அந்த வாரமே ஒரு காலையில் தொட்டவுடன் பழம் காம்பை விட்டுக் கையோடு வந்துவிட்டது. பண்ணையில் லீவு சொல்லிவிட்டு மெட்ராஸ் ரயில் ஏறினேன். முன்பதிவு இல்லாத பெட்டி, மடியில் பழம். வெயில் ஏற ஏற அதன் வாசனை பெட்டி முழுக்கப் பரவியது. எதிரில் இருந்தவர், "காட்டோ நா, பாய்" என்றார், அறுங்களேன் என்று. மகளுக்கு என்றேன். அவர் தன் துண்டைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து பழத்தின்மேல் போட்டுவிட்டார்.

அரக்கோணத்தில் இறங்கி, பஸ் பிடித்துப் போய் வாசலில் நின்றேன். கதவைத் திறந்தது சுதா. என் தோள் உயரம் வந்திருந்தாள். "வாங்கப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள். அம்மாவைக் கூப்பிடப் போகிறாள் என்று நினைத்தேன். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து, வீட்டுக்கு வந்தவர்களுக்குக் கொடுப்பதுபோல இரண்டு கையாலும் நீட்டினாள். வாங்கிக் குடித்தேன்.

பழம் ஒரு பக்கம் நைந்திருந்தது. மறுபாதி நன்றாக இருந்தது. அவளே அறுத்தாள். எல்லாருக்கும் ஒரு கீற்று, எனக்கும் தட்டில் வைத்து ஒன்று. "இனிப்பா இருக்குதுப்பா" என்றாள். பிறகு அவள் தரையைப் பார்த்தாள், நானும் பார்த்தேன். நடுவில் ஒரு போன் இருந்தால் தேவலை என்று தோன்றியது.

"எப்பப்பா கெளம்புறீங்க?" என்று கொஞ்சம் கழித்துக் கேட்டாள்.

"நாளைக்கு."

அடுத்த ஜனவரியிலும் விதை போட்டேன். முளைத்ததும் சொன்னேன். "அப்பிடியாப்பா" என்றாள். அந்த வருஷம் காய் நிறையவே பிடித்தது. மாவ்ஷி வீட்டில் கேட்டுக் கேட்டுத் தின்றார்கள். பிறகு மூங்கிலைப் பிரித்து அவருடைய துணிக்கொடிக்குக் கால் நட்டுக் கொடுத்தேன்.

இரண்டு வருஷம் என்று போனவர்கள் அங்கேயே இருந்துவிட்டார்கள். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. பள்ளிக்கூடம், காலேஜ் என்று அப்படியே ஆகிவிட்டது. அந்த மாடிக்கு மேல் இன்னும் இரண்டு மாடி எழும்பிவிட்டது. பூத் இருந்த இடத்தில் செல்போன் கடை. சுதாவுக்கு இப்போது பெங்களூரில் வேலை. வாரம் தவறாமல் அவளே கூப்பிடுகிறாள். சாப்பிட்டீங்களா என்பாள். சாப்பிட்டேன் என்பேன்.