அக்காவின் வலது பக்கம்

பினாங்குத் தீவின் தஞ்சோங் புங்கா கடற்கரையில் அக்கா தண்ணீருக்குள் இறங்கும் விதம் இன்றும் என் கண்ணில் நிற்கிறது. முழங்கால் அளவு வந்ததும் நின்றுவிடுவாள். நீச்சல் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்குவாள், கழற்றி உள்ளே எச்சில் தடவுவாள், மறுபடி மாட்டுவாள். பிறகு நான் எங்கே நிற்கிறேன் என்று தேடுவாள். நான் அவளுடைய வலது பக்கம் நிற்க வேண்டும். அக்காவுக்கு வலது பக்கம் திரும்பித்தான் மூச்சு எடுக்க வரும். ஒவ்வொரு முறை முகத்தைத் தூக்கும்போதும் என் முகம் தெரிந்தால் அவளால் எவ்வளவு தூரமும் நீந்த முடியும். தெரியாவிட்டால் பத்துக் கை வீச்சில் நின்று, கழுத்தை நீட்டி, நாய்போலத் தத்தளிக்க ஆரம்பித்துவிடுவாள். நீச்சல் குளத்தில் அவளுக்கு ஒரு பயமும் கிடையாது. அடி தெரியாத தண்ணீர்தான் ஆகாது.

அந்தச் சனிக்கிழமை எங்களுடைய கடைசிக் கடல் பயிற்சி. லங்காவியில் நடக்கவிருந்த நெடுந்தூர டிரையத்லானுக்குச் சரியாக ஏழு நாள் இருந்தது. ஒரே நாளில், கடலில் ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர் நீச்சல், அது முடிந்ததும் நூற்றெண்பது கிலோமீட்டர் சைக்கிள், அதன் பிறகு நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட்டம். அன்று ஒரு மணி நேரம் நீந்திவிட்டுக் கரையில் உட்கார்ந்து பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றிக் குடித்தோம். "நீ பக்கத்துல இருந்தா போதும் தம்பி. மத்ததெல்லாம் நான் பாத்துக்குவேன்லா" என்றாள். இருப்பேன் என்றேன். அப்போது அதைப் பொய்யாகச் சொல்லவில்லை.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் ஷிப்ட் லீடராக வேலை. அத்தான் வேறொரு வாழ்க்கையைத் தேடிக்கொண்டு போன பிறகு, மகனும் ஜோகூரில் படிக்கப் போய்விட, சுங்கை பினாங் அடுக்குமாடி வீட்டில் தனியாக இருந்தாள். நான் காப்புறுதி முகவர். நாற்பது வயதில் மருத்துவர் பயமுறுத்தியதால் ஓடத் தொடங்கி, பிறகு அந்தப் பைத்தியம் முற்றிப் போனவன். அக்காவை இதற்குள் இழுத்துக்கொண்டு வந்தது நான்தான். அவள் நல்லதுக்காக என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. விடியற்காலையில் பாலிக் பூலாவ் மலையேற்றத்தில் தனியாக சைக்கிள் மிதிக்க எனக்குச் சலிப்பாக இருந்தது. கூட ஒரு ஆள் வேண்டியிருந்தது. முதல் முறை கேட்டபோது, "கடலா? ஐயோ, வேணாம்பா" என்றாள். இரண்டு மாதம் விடாமல் கெஞ்சினேன். "உன் வலது பக்கத்தை விட்டு நகரவே மாட்டேன்" என்று சொன்ன பிறகுதான் ஒப்புக்கொண்டாள்.

ஒன்றரை வருடம் சேர்ந்தே பயிற்சி செய்தோம். இரவு ஷிப்ட் முடித்துவிட்டு நேராகச் சைக்கிளில் ஏறுவாள். அவளிடம் வேகம் கிடையாது. ஆனால் நிறுத்தவும் மாட்டாள்.

போட்டிக்கு முந்தைய கடைசி வாரம் விசித்திரமானது. பயிற்சியைக் குறைத்து உடம்புக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். உடம்பு ஓய்வெடுக்கும், மனம் பேய் பிடித்து ஆடும். தொண்டை கரகரப்பதாகத் தோன்றும், முழங்காலில் இல்லாத வலி வரும், யாராவது தும்மினால் கொலைவெறி வரும். திங்கட்கிழமை அக்கா எனக்காகப் பருப்புக் கஞ்சியும் கறிவேப்பிலைத் துவையலும் செய்து எடுத்துக்கொண்டு, ஜெலுத்தோங்கில் இருக்கும் என் தரை வீட்டுக்குப் பஸ்ஸில் வந்தாள். நான் வாசல் கேட்டைத் திறக்கப் போன நேரத்தில் இருமினாள். நான் அப்படியே நின்றுவிட்டேன்.

"சளியா?"

"இல்லடா, பஸ்ல ஏர்கோன் ஜாஸ்தி."

உள்ளே ஓடிப்போய் முகக்கவசம் மாட்டிக்கொண்டு வந்தேன். கேட்டைத் திறக்காமல் மேல்வழியாகத் தூக்குச்சட்டியை வாங்கி, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கிருமிநாசினி அடித்துத் துடைத்தேன். தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. அக்கா சிரித்தாள். "சரி சரி, நீ பத்திரமா இரு" என்று சொல்லிவிட்டு வெயிலில் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள். கஞ்சியை நான் சாப்பிடவில்லை. அதிலும் கிருமி இருக்குமோ என்று கொட்டிவிட்டேன்.

புதன்கிழமை மதியம் லிட்டில் இந்தியாவில் என் வக்கீல் நண்பனோடு சாப்பிட்டேன். பள்ளியில் ஒன்றாகப் படித்தவன். இதே போட்டியை இரண்டு முறை முடித்திருந்தான். அவன் எடுத்துக்கொண்ட நேரம் பதின்மூன்று மணி. அந்தப் பதின்மூன்றை உடைக்க வேண்டும் என்று எனக்குள் ஒரு வெறி இருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை. என் திட்டத்தைக் கேட்டுவிட்டு அவன் அப்பளத்தை நொறுக்கியபடி சொன்னான்: "அக்கா வேகத்துல நீந்தினா உனக்கு அரை மணி நேரம் போச்சு. அப்புறம் நீ ரேஸ் பண்ணல மச்சான், பேபி சிட்டிங் பண்ற."

அவன் சொன்னது ஒரு வாக்கியம்தான். அதை வீட்டுக்கு எடுத்துப்போய் வளர்த்தது நான். அன்று மாலைக்குள் முடிவு செய்துவிட்டேன். அக்காவுக்கு உடனே போன் செய்து சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் வர மாட்டாள். அவள் வராவிட்டால் குடும்பத்தில் எல்லோரும் காரணம் கேட்பார்கள். அங்கே போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை பாலம் கடந்து வடக்கே கோல கெடா படகுத்துறை வரை என் காரில் போனோம். வழி நெடுக அக்கா பேசிக்கொண்டே வந்தாள். ஒரு வாரம் விடுப்பு எடுத்து அவள் ஊரைவிட்டு வெளியே வருவது பல வருடங்களில் அதுதான் முதல் தடவை. லங்காவி போகும் பெரிப் படகில் ஏறிய பிறகுதான் பேச்சு நின்றது. பிரித்துக் கட்டிய சைக்கிள் பெட்டிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணாடி ஜன்னல் வழியாகப் பழுப்பும் பச்சையுமான தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு ஆழம் இருக்கும் தம்பி?"

"தெரியலக்கா."

"எவ்வளவு இருந்தா என்ன. நீதான் பக்கத்துல இருக்கியே." கொஞ்சம் விட்டு, "இருப்பதானே?" என்றாள்.

"ம்" என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை போட்டி நடக்கும் கடற்கரையில் எல்லோரும் பழகிக்கொள்ள அரை மணி நேரம் கடலில் விட்டார்கள். நூற்றுக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் இறங்கியதில் தண்ணீர் கலங்கிவிட்டது. இருநூறு மீட்டர்கூடப் போயிருக்க மாட்டோம், யாரோ ஒருவருடைய கை அக்காவின் கண்ணாடியைத் தட்டிவிட்டது. அவள் பதறி என் தோளைப் பிடித்தாள். அடுத்து இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்தாள். நான் ஒருமுறை மூழ்கி எழுந்தேன். பயந்தவர்கள் அப்படித்தான் பிடிப்பார்கள். மெதுவாகப் பேசினால் விடுவார்கள். அதைக் குளத்தில் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான். ஆனால் நான் பேசவில்லை. அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். ஒரு விரல் சொடுக்கியது. "விடு! நாளைக்கும் இப்படித்தான் என் கழுத்துல தொங்கப்போறியா? நாளைக்கு நான் உன்கூட நீந்தலக்கா. தனியாப் போறேன்" என்று கத்தினேன். சுற்றி நீந்திக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அக்கா மல்லாந்து மிதந்தாள். அவளுக்குத் தெரிந்த ஒரே தற்காப்பு அது. அப்படியே காலை உதைத்துக்கொண்டு கரைக்கு வந்து சேர்ந்தாள். மணலில் உட்கார்ந்து அந்த விரலை நீவிக்கொண்டிருந்தவள், நான் வந்து நின்றதும் கேட்டாள்:

"இது எப்ப முடிவு பண்ணின?"

"புதன்கிழமை."

"அப்ப பெரியில நான் கேட்டப்பவே உனக்குத் தெரியும்."

"உன்னால முடியாதுன்னா இறங்காதக்கா. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றேன். அன்று நான் பேசியதிலேயே கொடூரமானது அதுதான். அவள் தலையை ஆட்டிக்கொண்டு எழுந்துபோய்த் பிரித்துக் கொண்டுவந்த தன் சைக்கிளைப் பொருத்தத் தொடங்கினாள். பழைய நீல நிற சைக்கிள். தண்ணீர்மலை முருகன் கோயிலில் பூசை போட்டுக் கட்டிவந்த மஞ்சள் துணி அதன் கைப்பிடியில் இருந்தது. மாலையில் அதைக் கொண்டுபோய்ப் போட்டிக்கான கம்பி வரிசையில் தொங்கவிட்டாள். அவள் விலகிக்கொள்வாள் என்றுதான் நான் எதிர்பார்த்தேன்.

மறுநாள் விடியற்காலை கடற்கரையில் அக்கா வழக்கம்போல என் பின்கழுத்தில் வாசலின் தடவிவிட்டாள். உப்புத் தண்ணீரில் துணி உரசினால் தோல் பிய்ந்துவிடும் என்பதற்காக ஒவ்வொரு பயிற்சியிலும் செய்வது. பிறகு மெதுவாக நீந்துபவர்களின் கூட்டத்துக்குப் போய்க் கடைசி வரிசையில் நின்றுகொண்டாள். சங்கு ஊதியதும் நான் திரும்பிப் பார்க்காமல் தண்ணீரில் பாய்ந்தேன்.

மிக நன்றாக நீந்தினேன் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சைக்கிளிலும் முதல் தொண்ணூறு கிலோமீட்டர் காற்று எனக்குச் சாதகமாக இருந்தது. இரண்டாவது சுற்றைத் தொடங்கும் இடத்தில், சைக்கிள்கள் நிறுத்தியிருந்த திடலை ஒட்டிச் சாலை போகிறது. நடுவில் ஒரு கம்பி வேலிதான். அப்போது உச்சி வெயில். எல்லோரும் எப்போதோ சைக்கிளை எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். காலியான அந்த நீண்ட வரிசையில் ஒரே ஒரு சைக்கிள் தொங்கியது. மஞ்சள் துணி காற்றில் ஆடியது. தண்ணீர்ப் போத்தல் இரண்டும் நிறைந்தபடியே இருந்தன.

அக்கா கடலிலிருந்து வந்து சைக்கிளை எடுக்கவில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். நீச்சலுக்கான நேரக் கெடு தவறியதால் போட்டியிலிருந்து வெளியே எடுத்திருப்பார்கள். அல்லது மருத்துவக் கூடாரத்தில் இருப்பாள். அல்லது. அந்த மூன்றாவதை நான் முழுதாக நினைத்தேன். வேலியோரம் தொண்டர்கள் நின்றார்கள். நிறுத்திக் கேட்டிருந்தால் இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். கடிகாரத்தைப் பார்த்தேன். பதின்மூன்று மணிக்குக் கீழே முடிக்கும் வேகத்தில் இருந்தேன். தலையைக் குனிந்துகொண்டு மிதித்தேன்.

இன்னும் தொண்ணூறு கிலோமீட்டர். சைக்கிளைத் திருப்பி வைக்க அதே திடலுக்குள் வந்தபோது அந்த வரிசைப் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை. பிறகு நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட்டம். ஏழு மணி நேரத்துக்கும் மேலாக, என் அக்கா உயிரோடு இருக்கிறாளா இல்லையா என்று தெரியாமலே வாழைப்பழம் தின்றேன், ஐஸ் கட்டியைத் தலையில் கொட்டிக்கொண்டேன், கை தட்டியவர்களுக்குச் சிரித்தேன். பதின்மூன்றுக்கு ஒன்பது நிமிடம் குறைவாக முடித்தேன்.

நான் முடிவுக் கோட்டைத் தாண்டியதும் எதிரே அக்கா நின்றிருந்தாள். துண்டைப் போர்த்தியிருந்தாள். கழுத்திலும் கையிலும் ஜெல்லி மீன் சுட்ட செந்தடிப்புகள். என் முகத்தைத் துடைத்துவிட்டு, பதக்கத்தோடு என்னை நிற்க வைத்துப் படம் எடுத்தாள். "என்னக்கா ஆச்சு?" என்று அப்போதுதான் கேட்டேன்.

"முழுசா நீந்திட்டேன் தம்பி. நாலு நிமிஷம் லேட். நிறுத்திட்டாங்க."

"வலது பக்கம் திரும்பினா நீ இல்ல" என்று பிறகு சொன்னாள். "நடுக்கடல்ல நின்னு கொஞ்ச நேரம் அழுதேன். அப்புறம் இடது பக்கம் திரும்பி மூச்சு எடுத்துப் பார்த்தேன். வந்துருச்சு."

நான் பக்கத்தில் இருந்திருந்தால் அந்த அழுகைக்குப் போன நேரம் மிஞ்சியிருக்கும். அது எங்கள் இருவருக்கும் தெரியும். "நாலு நிமிஷம்தானே, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றேன். அவள் என் காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு அக்கா என்னோடு கடலில் இறங்கவில்லை. சண்டை எதுவும் இல்லை. தீபாவளிக்கு முறுக்கு வரும், என் பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு கேக் வரும். நீந்தப் போகலாமா என்று கேட்டால் ஷிப்ட் என்பாள். எனக்கு முழங்கால் போய் எல்லாவற்றையும் விட்டு மூன்று வருடமாகிறது. போன மாதம் வக்கீல் நண்பன் தன் போனில் ஒரு படத்தைக் காட்டினான். லங்காவியின் முடிவுக் கோட்டில் அக்கா, நான்கு பெண்களோடு, கழுத்தில் பதக்கம். போன வருடத்துப் படம். எனக்கு அவள் சொல்லவே இல்லை.

மறுநாள் ஞாயிறு. சுங்கை பினாங் வீட்டுக்குப் போனேன். கடலில் இருந்து அப்போதுதான் வந்திருந்தாள். தலைமுடி ஈரமாக இருந்தது. வாழ்த்தினேன். பிறகு, அத்தனை வருடம் யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன்.

"அன்னைக்கு உன் சைக்கிள் அப்படியே தொங்குறதப் பார்த்தேன்கா. நின்னு கேக்கல."

அவள் தோசைக்கல்லில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"தெரியும். நான் வேலியோரமாத்தான் நின்னேன். ரெண்டு மணி நேரமா உனக்காகத்தான் காத்திருந்தேன். எனக்கு ஒண்ணும் ஆகலன்னு காட்டிட்டா நீ பயமில்லாம போவியேன்னு. கையக்கூடத் தூக்கினேன். நீ சைக்கிளப் பார்த்த. அப்புறம் வாட்ச்சப் பார்த்த."

மாவை ஊற்றி வட்டமாக இழுத்தாள்.

"கைய இறக்கிட்டேன்" என்றாள்.

மன்னிப்புக் கேட்கத்தான் அவ்வளவு தூரம் போயிருந்தேன். அவள் தட்டை என் முன்னால் வைத்து, தோசையைப் போட்டு, சட்னியை ஊற்றினாள்.

"பசியாறு" என்றாள்.

வெறும் வயிற்றோடு வந்திருந்தேன். சாப்பிட்டேன்.