நெல் களத்தில் ஏரிச் சட்டம்

பழவேற்காடு ஏரியில் வலை போடும் குடும்பத்தில் பிறந்து, காட்டூர்ப் பக்கம் நெல் விளைக்கிற வீட்டுக்கு மருமகளாய் வந்தவள் நான். போன தை மாதம் அறுவடை முடிந்ததும், அரசுக் கொள்முதல் நிலையத்துக் களத்தில் நெல்லைக் கொட்டிவிட்டுக் காத்திருந்தோம். அங்கே எடுத்துக்கொண்டால் அரசு விலையும் அதற்கு மேல் ஊக்கத்தொகையும் வங்கிக் கணக்குக்கு வந்துவிடும். நனைந்துவிட்டால் ஈரம் என்று தள்ளிவிடுவார்கள். அப்புறம் வியாபாரி சொன்னதுதான் விலை. வருஷா வருஷம் அப்படித்தான் அவரிடம் அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிட்டு வயிறெரிந்தோம். இந்த முறை விடுவதில்லை என்று இருந்தேன்.

அந்த வியாபாரியே அன்று டிராக்டரில் நெல் ஏற்றிக்கொண்டு வந்தார். யாரோ ஏமாந்தவர்களிடம் வாங்கிய நெல். அதை எங்களுக்கு முன்னால் தராசில் ஏற்றப் பார்த்தார். வரிசை என்று ஒன்று இருந்தால்தானே நியாயம் கேட்க? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னா அண்ணாத்த, உன் வயலு எங்க இருக்குது? காட்டு, நானும் பாக்குறேன்."

"நீ போய் மீனு ஆயுற வேலையைப் பாரும்மா" என்றார்.

அந்த ஒரு பேச்சு போதும் எனக்கு. எங்கள் ஏரியில் மீன் படும் இடத்துக்கு அடித்துக்கொள்ளாமல் இருக்கத்தான் பாடு என்று வைத்திருக்கிறார்கள். சீட்டுக் குலுக்கி, யார் என்றைக்கு எந்த இடத்தில் வலை போடலாம் என்று முறை வைப்பது. பெரிய ஆள், சின்ன ஆள் கிடையாது. முறை இல்லாதவன் வலையை இறக்கவே முடியாது.

"இங்கயும் பாடு வைப்போம். நிலம் இருக்கிறவங்க மட்டும் பேரு குடுங்க" என்றேன்.

வியாபாரி மேல் எல்லோருக்கும் எரிச்சல், உடனே ஒத்துக்கொண்டார்கள். "சண்டை இல்லாம முடிஞ்சா எனக்கும் நிம்மதி" என்று நிலையத்து எழுத்தரே சீட்டு எடுத்தார். வியாபாரி டிராக்டரை ஓரம்கட்டினார்.

எங்கள் சீட்டு கடைசியாக வந்தது.

"சொந்தக் காசுல சூனியம் வச்சிக்கினியே" என்றார் என் வீட்டுக்காரர். சீட்டைக் கிழித்துப் போட்டுவிடலாமா என்று வந்தது. ஆனால் பாடு முறையைக் கொண்டுவந்தவளே மீறினால் என்னைப் பெற்ற நைனா முகத்தில் எப்படி விழிப்பேன்? எங்கள் குவியல் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தேன்.

மதியத்துக்கு மேல் கடல் பக்கம் கறுத்தது. எடை போட்டு முடித்தவர்கள் கிளம்பிவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். ஒருத்தரும் கிளம்பவில்லை. தங்கள் தார்ப்பாய்களை இழுத்துவந்து எங்கள் குவியல்மேல் போட்டார்கள். மண்வெட்டி எடுத்துச் சுற்றிலும் தண்ணீர் ஓட வழி வெட்டினார்கள்.

"உன் முறை வர்ற வரைக்கும் இது எங்க நெல்லும்மா" என்றார் முதல் சீட்டு விழுந்த பெரியவர்.

மழை கொட்டித் தீர்த்தது. மறுநாள் தார்ப்பாயை விலக்கிக் கையை உள்ளே விட்டேன். கரகரவென்று காய்ந்தே இருந்தது. எழுத்தர் ஈரம் பார்க்கும் கருவியில் ஒரு பிடி போட்டுப் பார்த்துவிட்டு, "ஏத்துங்க" என்றார். ஜெயித்துவிட்டோம் என்று வாய்விட்டே சொன்னேன், யார் கேட்டால் எனக்கென்ன.

வெளியே வந்தபோது வியாபாரி நின்றிருந்தார். எங்கள் வண்டியில் கொஞ்சம் மூட்டைகளை விற்காமல் திருப்பி ஏற்றியிருந்தோம். அதைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டார்.

"அத எனக்குக் குடும்மா. கவர்மெண்ட் விலையே தர்றேன்."

போன வருஷம் வரைக்கும் விதைக்குக்கூட வைக்காமல் வழித்து அவரிடம் கொடுத்துவிட்டு, கடையில் அரிசி வாங்கித் தின்றவர்கள் நாங்கள்.

"இது விக்கிறதுக்கு இல்ல அண்ணாத்த" என்றேன். "நாங்க சாப்பிட."