குக்கர் படத்துக்குப் பின்னால் சுஜாதா

தங்கை எழுதியதைச் சுஜாதா முதலில் வேகமாகப் படிக்கிறாள். பிறகு நிதானமாக இன்னொரு தடவை படிக்கிறாள். அப்புறம் அழித்துவிடுகிறாள். குழந்தைக்குப் பல் முளைத்த சேதி, மஸ்கட்டில் வெயில் கொளுத்தும் சேதி, மாப்பிள்ளை சாம்பார் வைத்து அதில் உப்பை மறந்த சேதி எல்லாம் ஒவ்வொன்றாகப் போகின்றன. ஆர்க்குட் என்கிற இணையதளத்தில் ஒருவர் நமக்கு எழுதுவதை வருவோர் போவோர் எல்லாரும் நின்று படித்துவிட்டுப் போகலாம் என்று தெரிந்த நாளிலிருந்து, சுஜாதாவுக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் இந்தத் துடைப்பு வேலை தவறுவதில்லை. தங்கைக்குப் பதில் எழுதும்போதும் அப்படித்தான். "படிச்சுட்டு உடனே எடுத்துரு வீரா" என்பதுதான் அவளுடைய எல்லாப் பதில்களுக்கும் கடைசி வரி.

ஓசூரில் பாகலூர் சாலையிலிருந்து உள்ளே தள்ளி நஞ்சம்மா ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறார். பிளைவுட் தடுப்புகள், ஆடுகிற நாற்காலிகள், சாமி படத்துக்கு அருகில் ஒரு பிரிண்டர். நஞ்சம்மா ஆனேக்கல் பக்கத்துக்காரர். கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பார், சில சமயம் தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பார். சுஜாதா எழுந்து போன பிறகு அந்த இடத்தில் உட்காருகிறவர்களிடம், "இந்தம்மா வந்துட்டுப் போனா கம்ப்யூட்டர் புதுசு மாதிரி ஆயித்து" என்று சொல்வது அவருக்கு வழக்கம்.

ஆர்க்குட்டில் சுஜாதாவின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பிரஷர் குக்கர் இருக்கிறது. பெயர் என்ற இடத்தில் 'கிச்சன்'. வயது, ஊர், வேலை ஒன்றும் கிடையாது. கடந்த கால உறவுகளிலிருந்து என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று ஆர்க்குட் ஒரு கட்டம் போட்டு எல்லாரையும் கேட்கும். அதிலாவது எதையாவது எழுதேன் என்று தங்கை வீரலட்சுமி போனில் சிரித்தபோது, "அது ஊருக்கு எதுக்குடி?" என்று கேட்டுவிட்டாள். தங்கை குழந்தையின் படங்களை அங்கேதான் போடுகிறாள். இல்லாவிட்டால் இந்தக் குக்கர்கூட அங்கே இருந்திருக்காது.

"ஊருக்கு எதுக்குங்க?" என்பதுதான் அவளுக்குத் தினசரி உபயோகத்தில் இருக்கும் வாசகம். சொந்த ஊர் எது என்று கேட்டால் "சேலம் தாண்டிங்க" என்பாள். எந்தப் பக்கம் தாண்டி என்று கேட்டவர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள். கம்பெனி பஸ்ஸில் தன் நிறுத்தத்துக்கு முந்தின நிறுத்தத்திலேயே இறங்கி, கீரை வாங்குகிற சாக்கில் நடந்து வீட்டுக்குப் போவாள். கல்யாணங்களுக்குப் போனால் வீடியோக்காரர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று பார்த்து, அதற்கு எதிர்ப்பக்கத்துப் பந்தியில் உட்காருவாள். சுஜாதா என்பதே இந்தக் கட்டுரைக்காக வைத்த பெயர்தான். கம்பெனியின் பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை. ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

வேலையில் மட்டும் அவளிடம் எந்த ஒளிவுமறைவும் கிடையாது. இரு சக்கர வண்டிகளுக்குள் ஓடும் ஒயர்களைச் சேர்த்து, டேப் சுற்றி, ஒரே கட்டாகக் கட்டித் தருகிற கம்பெனி அது. சுஜாதா அங்கே லைன் லீடர். பலகையில் அடித்த ஆணிகளுக்கு நடுவே ஒயர்களை அவள் இழுத்துப் போடும் வேகம், கோலம் போடத் தெரிந்தவர்கள் புள்ளிகளுக்கு நடுவே கையை ஓட்டுவதைப் போல இருக்கும். லைனில் வேலை செய்யும் பெண்களில் பாதிப் பேர் பேரிகை, சூளகிரிப் பக்கத்துப் பிள்ளைகள். மீதிப் பேர் தெற்கேயிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருப்பவர்கள். யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டில் பெண் பார்க்க வருகிறார்கள் என்பதெல்லாம் சுஜாதாவுக்குத் தெரியும். அவளைப் பற்றித்தான் அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. விதவை என்று சிலர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவளும் திருத்தவில்லை.

புருஷன் இருக்கிறான். ராசிபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறான். வீட்டுக்குள் அடித்தான் என்று கைப்பிள்ளையோடு கிளம்பி வந்தவள் சுஜாதா. போன இடத்துக்கெல்லாம் அவன் வந்தான். முதலில் திருப்பூர், அப்புறம் ஈரோடு. வந்து அடிக்கவில்லை, கம்பெனி கேட்டுக்கு முன்னால் நின்று அவள் பெயரைச் சொல்லிக் கத்தினான். எந்தக் கம்பெனியும் ஓரிரு நாள் பொறுத்துக்கொள்ளும். அப்புறம், "கொஞ்ச நாள் லீவுல இருங்கம்மா" என்று ரொம்ப மரியாதையாகச் சொல்லும். அந்த லீவு முடிவதே இல்லை. இரண்டு ஊரிலும் அதுதான் நடந்தது. அவள் திருப்பூரில் இருப்பதை அவனிடம் சொன்னது அவளுடைய சொந்த அத்தை. கெட்ட எண்ணமில்லை. பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன், புள்ள நல்லாத்தான் இருக்குது என்று ஆறுதலுக்குச் சொன்னாள். ஈரோட்டிலும் அப்படித்தான், ஒரு நல்ல மனுஷர் சொன்னார். அதனால்தான் சுஜாதாவுக்குக் கெட்டவர்களைவிட நல்லவர்களிடம் பயம் அதிகம்.

ஓசூரில் வேர் பிடித்துவிட்டது. மகள் ரஞ்சிதா பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். இந்த வருஷம் பள்ளிக்கூடம் மாறினால் அந்தப் பெண்ணின் படிப்பு அவ்வளவுதான்.

அந்த வருஷத்து ஆயுத பூஜையில்தான் வினை வந்தது. கம்பெனிக்குள் கேமராவுக்கு அனுமதி உள்ள ஒரே நாள் அது. பலகைகளுக்குச் சந்தனம் பூசி, கம்பங்களில் வாழை கட்டி, வாசலில் பூசணிக்காய் உடைத்து, ஆளுக்கொரு பொட்டலம் பொரிகடலை கொடுப்பார்கள். பெண்கள் பட்டுப்புடவையில் வருவார்கள். ஆனால் பேட்ஜ் இல்லாமல் செக்யூரிட்டி உள்ளே விடமாட்டார், சாமியே வந்தாலும் பேட்ஜ் கேட்பார். ஆகவே எல்லாரும் பட்டுப்புடவையின் மேலேயே பேட்ஜைக் குத்திக்கொண்டு, அதோடேயே மெஷின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். வழக்கமாக அந்த நேரத்தில் ஸ்டோர் ரூமில் எதையோ எண்ணிக்கொண்டிருக்கும் சுஜாதா, அன்றைக்கு மாட்டிக்கொண்டாள். பூசணிக்காயை ஓங்கிப் போட்டதில் குங்குமத் தண்ணீர் மேனேஜரின் வெள்ளைச் சட்டையில் தெறித்தது. அவள் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில் ஹரீஷ்குமார் படம் எடுத்துவிட்டான்.

ஹரீஷ்குமார் பேரிகைக்காரன், பக்கத்து லைனில் ஆபரேட்டர், சமீபத்தில்தான் கல்யாணம் ஆனவன். சுஜாதாவுக்கு ஆர்க்குட் கணக்கு தொடங்கிக் கொடுத்ததே அவன்தான். அதற்காகவே அவனை நண்பர்கள் வரிசையில் சேர்க்க வேண்டியதாயிற்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நஞ்சம்மாவின் சென்டரில் உட்கார்ந்தபோது, அவனுடைய ஆல்பத்தில் பட்டுப்புடவையும் சிரிப்புமாகத் தன்னையே பார்த்தாள் சுஜாதா. பேட்ஜில் பெயரும் கம்பெனி முத்திரையும் துல்லியமாகத் தெரிந்தன. ஆல்பத்துக்குப் பூட்டு இல்லை. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். புருஷனின் அண்ணன் மகன் சேலத்தில் இன்ஜினியரிங் படிக்கிறான். அந்த வயசுப் பையன்கள் எல்லாரும் பொழுதன்னைக்கும் ஆர்க்குட்டில்தான் கிடக்கிறார்கள். அன்றைக்குத் தங்கையின் சேதியைப் படிக்காமலேயே அழித்துவிட்டாள்.

மறுநாள் ஹரீஷிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதை ஊருக்குச் சொல்லாமல் இருந்தே பழகிவிட்டவள், பேட்ஜ் தெரிகிற மாதிரி படத்தை வெளியே போடுவது கம்பெனி ரூல்ஸுக்கு விரோதம், எச்.ஆர். கண்ணில் பட்டால் உனக்குத்தான் தொல்லை என்று சொல்லி வைத்தாள். ஹரீஷ் பதறிப்போனான். அன்று சாயங்காலமே படத்திலிருந்து பேட்ஜை வெட்டி எடுத்துவிட்டு மறுபடியும் போட்டான். பேட்ஜ் போனதில் அக்காவின் பெயர் தெரியாமல் போய்விட்டதே என்று அவனுக்கு ஒரே மனக்குறை. ஆகவே படத்துக்குக் கீழே, எங்கள் லைன் லீடர் சுஜாதா அக்கா என்று ஆங்கில எழுத்தில் அடித்து, கம்பெனிப் பெயரையும் ஓசூர் என்பதையும் அழகாகச் சேர்த்துவிட்டான். பேட்ஜில் ஊர் பெயராவது இல்லாமல் இருந்தது.

அதைப் பார்த்த பிறகு அவள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மகளிடம் பல்வலி என்று சொன்னாள். மூன்றாம் நாள் ஷிப்ட் நடுவில் ஹரீஷைக் கம்ப்ரஸர் ரூமுக்குப் பக்கத்தில் கூப்பிட்டாள். அங்கே ஓடுகிற சத்தத்தில் வேறு யாருக்கும் ஒன்றும் கேட்காது.

"ரூல்ஸுன்னு நான் சொன்னது பொய்யப்பா" என்று ஆரம்பித்தாள். "எங்கூட்டுக்காரன் என்னத் தேடிட்டு இருக்கறான். கண்டுபுடிச்சான்னா கேட்டுல வந்து நின்னு கத்துவான். இந்த வேலையும் போயிரும், புள்ள பரீட்சையும் போயிரும். நீ ஊரையும் பேரையும் சேர்த்து எழுதிப் போட்டுட்ட."

ஹரீஷ் திட்டு வாங்கியிருந்தால் தாங்கியிருப்பான். அவள் திட்டவில்லை.

"அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா போட்டோவையே தூக்கியிருப்பனேக்கா."

"யாருகிட்டயும் சொன்னதில்ல. எப்படிச் சொல்றதுன்னே மறந்துபோச்சு."

ஷிப்ட் விட்டதும் இருவரும் நேராக நஞ்சம்மாவின் சென்டருக்குப் போனார்கள். வழியெல்லாம் ஹரீஷ் போனில் பேசிக்கொண்டே வந்தான். அந்தப் படத்தைத் தங்கள் ஆல்பத்திலும் எடுத்துப் போட்டிருந்த இரண்டு நண்பர்களிடம், ஏன் எதற்கு என்று கேட்காமல் உடனே எடுத்துவிடும்படி கெஞ்சினான். அவர்கள் கேட்டார்கள். அவன் சொல்லவில்லை. தன் விஷயத்தைத் தெரிந்துகொண்ட ஒருவன் அதைத் தெரியாத மாதிரி பேசுவதை, பக்கத்தில் நடந்து வந்த சுஜாதா காது கொடுத்துக் கேட்டாள். அவளுக்கு அது புதுசு.

கேபினில் ஹரீஷ் தன் கணக்கைத் திறந்தான். ஆல்பத்துக்கு வந்ததும் எழுந்து நின்றுகொண்டு நாற்காலியை அவளுக்கு விட்டான். "நீங்களே அழிச்சுருங்கக்கா."

மவுஸைப் பிடித்தவள் அழிக்கவில்லை. முதல் தடவை பார்த்தபோது அவள் கண்ணுக்குப் பேட்ஜ்தான் தெரிந்தது, அடுத்த தடவை அந்த எழுத்துகள்தான் தெரிந்தன. இப்போதுதான் படத்தைப் பார்த்தாள். பச்சைப் பட்டு. மூக்கில் ஒரு சொட்டுக் குங்குமத் தண்ணீர். பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற ஒரு பெண். வீட்டைவிட்டு வந்த பிறகு, பேட்ஜுக்கும் ரேஷன் கார்டுக்கும் விறைப்பாக எடுத்ததைத் தவிர அவளுக்கு வேறு படமே கிடையாது. இவள் நன்றாக இருக்கிறாள் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதில் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

"இத ஒரு பிரிண்ட் எடுக்கணுமே" என்றாள்.

நஞ்சம்மா பிரிண்டர் பக்கம் திரும்பினார். "கலர் பேக்கா, கலர் வேணுமா?"

"கலர்லயே எடுங்க."

தாள் வெளியே வந்து கைக்குச் சேர்ந்த பிறகுதான் அழித்தாள். நிச்சயமாகவா என்று ஆர்க்குட் கேட்டது. நிச்சயம்தான் என்று அழுத்தினாள். மீதி ஆல்பத்தை ஹரீஷ் நண்பர்கள் மட்டும் பார்க்கிறபடி பூட்டினான். அதற்கு முன்னால் அந்தப் படத்தை யாரெல்லாம் பார்த்தார்களோ தெரியாது. அதை அழிக்க எந்தப் பட்டனும் இல்லை.

பிரிண்ட் எடுத்த தாளைச் சுருட்டிப் புடவைகளுக்கு அடியில் வைத்தாள். அதன் பிறகு காலையில் கம்பெனி பஸ் கேட்டுக்குள் திரும்பும்போது அவள் கண் வெளியே நிற்கும் ஆட்களை ஒரு சுற்றுச் சுற்றி வரும். டீக்கடையில் நிற்பவன், காண்டிராக்டரைத் தேடி வந்தவன், பீடி பற்றவைக்கிறவன். ஹரீஷும் தன் பங்குக்குப் பார்த்தான். டீ குடிக்க வரிசையில் நிற்கும்போது, "இன்னைக்கும் யாரும் இல்லீங்கக்கா" என்று வானிலை சொல்கிற மாதிரிச் சொல்லிவிட்டுப் போவான். பொங்கல் போயிற்று. மாசி போயிற்று. ரஞ்சிதா விடியலில் எழுந்து சமூக அறிவியலை உரக்கப் படித்தாள். பரீட்சையும் தொடங்கியது.

கேட்டில் யாரும் வரவில்லை.

கடைசிப் பரீட்சையை எழுதிவிட்டு வந்த ரஞ்சிதா, பையை ஒரு மூலையில் எறிந்துவிட்டுத் தோழி வீட்டுக்கு ஓடினாள். சுஜாதாவுக்கு அன்று விடுப்பு. புடவைகளுக்கு அடியிலிருந்து அந்தத் தாளை எடுத்தாள். சுருண்டு கிடந்ததைத் தரையில் விரித்து, உள்ளங்கையால் பலமுறை நீவி நேராக்கினாள். சுவரில் எதையும் ஒட்டக்கூடாது என்பது வீட்டுக்காரம்மாவின் சட்டம். வீட்டுக்காரம்மா அனுமதித்தாலும் அவள் சுவரில் ஒட்டியிருக்கமாட்டாள். குண்டானிலிருந்து நாலு பருக்கைச் சோறு எடுத்து, தாளின் மூலைகளில் நசுக்கித் தேய்த்து, பீரோக் கதவின் உட்பக்கத்தில், தன் முகத்தின் உயரத்துக்கு அந்தப் படத்தை ஒட்டினாள். நன்றாகப் பிடித்துக்கொள்ளட்டும் என்று கொஞ்ச நேரம் கையால் அழுத்திக்கொண்டு நின்றாள்.

பீரோவைச் சாத்திச் சாவியைத் திருப்பினாள். இரண்டடி நடந்தவள், உள்ளே எதையோ மறந்துவிட்டவளைப் போலத் திரும்பி வந்து, மறுபடியும் திறந்தாள்.