கஞ்சன்ஜங்காவுக்கு ஒரு ரிக்கெற்

பயண அலுவலகத்தில் வேலை செய்தவர்களே, உங்களுக்குத் தெரியும்: போகிறவர் சிரித்துக்கொண்டு போய்விடுவார், பயம் மட்டும் நம் மேசையில் வந்து குந்திக்கொள்ளும்.

மலைக்காரன்

எழுபதுகளின் கடைசியில் சிட்னியில் நான் இருந்த அலுவலகத்தில் இமயமலை என்று யார் வந்தாலும் என்னிடம்தான் அனுப்புவார்கள். நிறத்தைப் பார்த்து மலைக்காரன் என்று முடிவுகட்டிவிட்டார்கள். நான் யாழ்ப்பாணம், பெயரில் மலை உள்ள எங்கள் கீரிமலையே கடற்கரையில்தான் இருக்கிறது. ஒருநாள் டொக்டர் சிவநேசன் வந்தார். அவரும் எங்கள் ஊர்ப் பக்கம். கஞ்சன்ஜங்கா ஏறும் குழுவுக்கு வைத்தியராகப் போகிறாராம், முடிந்தால் உச்சிக்கும் போவாராம். உலகத்திலேயே மூன்றாவது உயரமான மலை. இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று கேட்டேன்.

"ஊரில கூரைக்கு மேல ஏற ஒண்டும் இருக்கேல்லை, தம்பி."

இரண்டு பக்கம்

அடுத்த கிழமை அவர் மனைவி சந்திரா அக்கா தனியே வந்தார். வரைபடத்தை விரித்துக் காட்டினேன். எல்லைக்கோடு உச்சியின் மேலேயே போகிறது. மேற்கே நேபாளம், கிழக்கே இந்தியாவின் சிக்கிம். அவர் அந்தக் கோட்டில் விரலை வைத்தார். நான் காப்புறுதி பற்றி ஏதேதோ பேசினேன்.

"இந்தப் பக்கம் விழுந்தா நேபாளம், அந்தப் பக்கம் விழுந்தா இந்தியா. நான் ஆரிட்டப் போய் இவரைக் கேக்கிறது?"

ஆணிச் சப்பாத்து

ரிக்கெற் எடுக்க இருவரும் சேர்ந்து வந்தார்கள், டொக்டர் கையில் பனியில் ஏற வாங்கிய ஆணிச் சப்பாத்து. அக்காவின் முகத்தைப் பார்த்து, படித்த ஒன்றைச் சொன்னேன். அந்த மலை சிக்கிம் சனங்களுக்குச் சாமி. ஐம்பதுகளில் முதன்முதல் ஏறியவர்கள், உச்சியை மிதிப்பதில்லை என்று சிக்கிம் அரசருக்குக் கொடுத்த வாக்குக்காக உச்சிக்குச் சில அடி கீழேயே நின்றுவிட்டார்கள். அவ்வளவு தூரம் போய்விட்டு நிற்பதா என்று டொக்டர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

"ஆணிச் சப்பாத்தோட சாமியின்ர தலையில ஏறுவியளோ?"

விட்டு வந்தது

டொக்டர் போன பிறகு ஒரு செய்தியும் இல்லை. அக்கா வாரம் தவறாமல் வருவார். கதிரையைக் காட்டினாலும் இருக்கமாட்டார். கஞ்சன்ஜங்காவில் பனிச்சரிவில் ஒருவர் போய்விட்டார் என்று பத்திரிகையில் வந்தது, பெயர் இல்லை. அன்று தொலைபேசி அடித்தபோதெல்லாம் எடுக்கவே பயந்தேன்.

கடைசியில் டொக்டரே அக்காவோடு வந்து நின்றார். முகம் கருகி, விரல்களில் கட்டு. பக்கத்துக் கூடாரத்தைச் சரிவு கொண்டுபோனதைக் கண்ட பிறகு அவருக்கு மேலே போகக் கால் எழும்பவில்லையாம்.

"முதல் போனவை சாமிக்கு நாலடி விட்டவை. நான் மலையையே விட்டிட்டு வந்திட்டன்."

போகிற ரிக்கெற்றை யாரும் விற்கலாம், திரும்பி வருகிற ரிக்கெற்றையும் சேர்த்து விற்றவனுக்குத்தான் நித்திரை இல்லை.