ஜனாதிபதியைத் தைப்பவர்

ஜனாதிபதியின் இடது காதோரமாக ஊசியை ஓட்டிக்கொண்டே தையல்காரர் வைசன் மகோலிஜா அவரைத் திட்டிக்கொண்டிருந்தார். "உரம் குடுத்தாராம், உரம்! சோளம் பூத்து நின்னதுக்கப்புறம் மூட்டை வந்து இறங்குச்சு. அதை எங்க போடறது, என் தலையிலயா?" காது முடிந்ததும் துணியைத் திருப்பி, முகம் கசங்காமல் உள்ளங்கையால் நீவிவிட்டு, தாடைப் பக்கம் ஆரம்பித்தார். கடை முன் பெஞ்சில் இருந்தவர்கள் யாருக்கும் இதில் வேடிக்கை ஒன்றும் தெரியவில்லை. எங்கள் ஊர் லுச்சென்சா சந்தையில் இது தினமும் நடப்பதுதான்.

எங்கள் நாட்டில் கட்சிக்காரர்கள் கொள்கையை அச்சடிக்கிறார்களோ இல்லையோ, துணியை அச்சடித்துவிடுவார்கள். இப்போதைய ஜனாதிபதி மேடைக்கு மேடை முறத்தோடு ஏறுகிறவர். லஞ்சம் வாங்கிய அதிகாரியின் பெயரை வாசிப்பார். முறத்தைத் தூக்கி ஒரு புடை புடைப்பார். அந்த ஆளுக்கு வேலை போயிற்று. கீழே கூட்டமும் இரண்டு கைகளையும் ஏந்திப் புடைக்கும். அதனால் ஊரில் அவருக்கு முறத்துக்காரர் என்றே பெயர். கட்சித் துணியில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு அவர் முகம், தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் போல முறம், இரண்டு முகங்களுக்கு நடுவே சோளக் கதிர்கள். மகளிர் அணியினர் அந்தத் துணியில் கவுன் தைத்துப் போட்டுக்கொண்டு அவர் முன்னால் ஆட வேண்டும்.

அதை வெட்டுவது லேசான காரியமில்லை. நெஞ்சில் ஒரு முகம், முதுகில் ஒரு முகம். தையல் அவர் கழுத்தை அறுக்கக் கூடாது. அக்குளுக்குள் அவர் போகக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியம், உட்காருகிற இடத்தில் அவர் வரவே கூடாது, அங்கே சோளக் கதிர்தான் வர வேண்டும். ஆட்டத்தில் பெண்கள் மேடைக்கு முதுகைக் காட்டி இடுப்பைக் குலுக்குகிற கட்டம் ஒன்று உண்டு. அப்போது மேடையில் இருக்கும் ஜனாதிபதி கீழே குலுங்குகிற ஜனாதிபதியைப் பார்த்தால் என்ன ஆகும் என்று யாரும் சோதித்துப் பார்த்ததில்லை.

சந்தையில் தையல்காரர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் கட்சித் துணி முழுக்க வைசனிடம்தான் வரும். "இது எப்படி?" என்று ஒருமுறை மகளிர் அணியின் ஃபலேசியிடம் கேட்டேன். "நாள் பூரா அந்த மூஞ்சியைப் பாத்து வையறவருக்குத்தானே அது எங்க இருக்குன்னு தெரியும்? நம்மாளுங்க பக்தியில கண்ணை மூடிக்கிட்டு வெட்டிடறாங்க" என்றார். வைசனும் இதைப் பெருமையாகவே எடுத்துக்கொள்வார். "வாய் ஆயிரம் பேசும். என் கை மட்டும் தப்பாது, தெரிஞ்சுக்க" என்று கத்திரியைத் தூக்கிக் காட்டுவார்.

அவருடைய பெஞ்சுக்கு ஒரு சட்டம் உண்டு. அவர் சொல்வதை ஒப்புக்கொள்கிறவன் எழுந்துவிட வேண்டும். "ஒத்துக்கிட்டியா? அப்ப கிளம்பு. எதுத்துப் பேசறவனுக்கு இடம் வேணும்." விவாதம் சூடேறினால் கால் பெடலை மிதிக்கிற வேகமும் ஏறும். ஆள் இல்லாத நாளில் ஒரு பித்தான் தைக்கவே சாயங்காலமாகிவிடும். எனவே அவசரமாகச் சட்டை வேண்டுமென்றால் பக்கத்தில் உட்கார்ந்து முறத்துக்காரரைப் புகழ வேண்டும் என்பது ஊருக்கே தெரியும். எனக்குக் கட்சி கிடையாது. அவருக்கு எதிரே ஒரு ரேடியோ ரிப்பேர் கடை மட்டும்தான் உண்டு. ஆனால் மச்சினன் கல்யாணத்துக்குக் கால்சட்டை தயாராக வேண்டி நானும் ஒருநாள் ஜனாதிபதியை வாயாரப் புகழ்ந்திருக்கிறேன். மத்தியானத்துக்குள் காஜா எடுத்து, இஸ்திரியும் போட்டுக் கொடுத்துவிட்டார்.

வைசனுக்குச் சரியான ஜோடி ஃபலேசிதான். பக்கத்து இடத்தில் மூட்டைத் துணி விற்றுக்கொண்டிருந்தார். வெளிநாட்டில் உடுத்திக் கழித்த சட்டைகளும் கோட்டுகளும் மூட்டை மூட்டையாக வரும். அதைக் குவித்துப் போட்டு, மேலே ஏறி நின்று கூவி விற்பார். மாப்பிள்ளை கோட்டு முதல் பள்ளிக்கூடக் கால்சட்டை வரை பாதி ஊருக்கு உடுப்பு அந்தக் குவியலில் இருந்துதான். போன வருஷம் முறத்துக்காரர் ஒரு மேடையில் அந்த மூட்டைகளையும் புடைத்துத் தள்ளிவிட்டார். இனி அவை எல்லை தாண்டி வரக் கூடாது, நம் தையல்காரர்கள் பிழைக்கட்டும் என்று உத்தரவு.

அன்றிலிருந்து வேடிக்கையைப் பாருங்கள். வைசனுக்குத் தலை நிமிர நேரமில்லை. கூரைக்குப் புதுத் தகரம் போட்டுவிட்டார். ஆனாலும் அவர் சொல்வது, "முட்டாள்தனமான உத்தரவு. ஒரு ஏழை தன் புள்ளைக்குப் புதுத்துணி எடுத்துத் தைக்க முடியுமா?" ஃபலேசி இருந்த இடத்தில் இப்போது கொஞ்சம் தக்காளியும் ஏரிக் கருவாடும்தான். ஆனாலும் அவர் சொல்வது, "அவரு செஞ்சதுதான் சரி. எவனோ கழட்டிப் போட்டதை நாம எத்தனை நாளைக்கு மாட்டிக்கிட்டு அலையறது?"

"அவரு துரத்தினவன் ஒவ்வொருத்தனும் வேற ஆபீஸ்ல நாற்காலி போட்டு உக்காந்திருக்கான், ஃபலேசி. அது முறமே இல்ல, சல்லடை."

"சல்லடையோ எதுவோ, அவரு சலிக்கவாவது செய்யறாரே அண்ணே! போன ஆட்சியில உங்காளு இருந்தப்போ சோளத்தையும் தின்னான், உமியையும் தின்னான், சாக்கையும் வித்தான்."

"எங்காளுன்னு யாரும் இல்ல. நான் எல்லாரையும்தான் வைவேன்."

"என் சோத்தைப் புடுங்கி உன் தட்டுல வெச்சிருக்காரு. நீ அவரை வையற, நான் வாழ்த்தறேன். நம்ம ரெண்டு பேர்ல யாருண்ணே கிறுக்கு?"

வைசன் சிரித்தபடி பெடலை வேகமாக மிதித்தார்.

முறத்துக்காரர் எங்கள் ஊருக்கு வருகிறார் என்று செய்தி வந்ததும் ஃபலேசியின் நடையே மாறிவிட்டது. ஆட்டத்தில் முன் வரிசையில் இடம் கிடைத்திருந்தது. ஆட்டம் முடிந்தால் அவர் இறங்கிவந்து முன் வரிசைப் பெண்களுக்குக் கை கொடுப்பது வழக்கம். "கையைப் புடிச்சா விடமாட்டேன். உத்தரவு சரிதான், கொஞ்ச நாளைக்கு மட்டும் மூட்டையைத் திரும்ப விடுங்கய்யான்னு காதோட சொல்லிடுவேன். கீழ இருக்கறவனுங்க அவருகிட்ட ஒண்ணும் சொல்றதில்ல, அதான் இப்படி" என்று சந்தை முழுக்கச் சொல்லிவைத்தார். "காதோடயா? அந்தக் காதை எத்தனை தடவை தெச்சிருக்கேன், அதுல ஓட்டையே கிடையாது" என்றார் வைசன்.

ஃபலேசியின் கவுனுக்கு வைசன் துணி வெட்டியது வியாழக்கிழமை. அன்று பெருமழை, பெஞ்சு காலி. அவர்கள் இருவர் மட்டும் தகரத்துக்குக் கீழே நின்றிருந்தார்கள். எதிர்க்கடையில் இருந்த எனக்கு இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. நடுவில் ஒருமுறை வைசனின் கத்திரி துணியிலேயே நின்றதைப் பார்த்தேன். மழை ஓயட்டும் என்று நிற்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலையில் ஆட்டக்காரப் பெண்களை ஏற்றிக்கொள்ளக் கட்சி லாரி வந்து நின்றது. கூடவே இளைஞர் அணித் தலைவன் ஹார்ட்விக்கும் இன்னும் இருவரும் வந்தார்கள். ஃபலேசி படுதாவுக்குப் பின்னால் போய்க் கவுனைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். நெஞ்சில் முறத்துக்காரர் கச்சிதமாகச் சிரித்தார். "எப்படி இருக்கு?" என்று கேட்டு ஃபலேசி ஒரு சுற்றுச் சுற்றினார். பெஞ்சில் ஒருவன் களுக்கென்று சிரித்து, உடனே வாயைப் பொத்திக்கொண்டான். உட்காருகிற இடத்தில், முறமும் ஒளிவட்டமுமாக, ஜனாதிபதி முழுசாக வீற்றிருந்தார்.

முதலில் எழுந்தது நமாலோம்பா மாஸ்டர். ஓய்வு பெற்ற வாத்தியார், முறத்துக்காரருக்குப் பரம எதிரி. வைசனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "சபாஷ்! வாயால பேசினவங்க ஆயிரம் பேரு. நீ செஞ்சு காட்டிட்டே!"

"ஐயோ மாஸ்டர், நான் ஒண்ணும் செய்யல. தப்பா வெட்டிட்டேன்."

"தப்பா?" என்று ஹார்ட்விக் கிட்டே வந்தான். "என் கை தப்பாதுன்னு ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சவரு நீங்கதானே? வேணும்னு செஞ்சிருக்கீங்க. தூக்குங்கடா மெஷினை!"

அப்போது ஆரம்பித்தது, வைசன் தோற்ற ஒரே விவாதம். தான் ஒரு மட்டமான தையல்காரன் என்று நிரூபிக்க அவர் படாத பாடு பட்டார். பாதிரியார் அங்கிக்குக் கையை மாற்றி வைத்தாராம். தபால்காரர் கால்சட்டையில் ஒரு கால் குட்டையாம். "பொய்! நல்லாத்தான் இருந்துச்சு" என்று எதிரணியும் ஆளும் அணியும் ஒரே குரலில் மறுத்தன. இரு தரப்பும் ஒரு விஷயத்தில் ஒன்றுபட்டு நான் பார்த்தது அன்றுதான். "தைரியமா நில்லு வைசன், வரலாறு உன் பேரைச் சொல்லும்" என்றார் மாஸ்டர்.

"வரலாறு அப்புறம் சொல்லட்டும் மாஸ்டர். இப்ப என் மெஷின் போகுது!"

நிஜமாகவே போய்க்கொண்டிருந்தது. இருவர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து லாரியில் ஏற்றப் போனார்கள். அந்த மெஷின் இல்லாவிட்டால் வைசனுக்கு வேறு பிழைப்புக் கிடையாது.

"கீழ வைங்கடா" என்றார் ஃபலேசி. "அவரு வேணும்னு செய்யல. அவரு கை தப்பினது என்னால."

"நீங்க என்ன செஞ்சீங்க அத்தை?"

"வியாழக்கிழமை அவரு வெட்டறப்ப நான் இங்க நின்னு அழுதேன். அதுல தப்பிடுச்சு."

"எதுக்கு அழுதீங்க?"

ஃபலேசி லாரியில் இருந்த பெண்களைப் பார்த்தார். எல்லாரும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கருவாட்டுக் கூடையைப் பார்த்தார். பிறகு ஒரே மூச்சில் சொன்னார்: "வீட்டுல மாவு இல்ல. மூட்டை நின்னதுலேர்ந்து சரியா அடுப்பு எரியல. சின்னவளைத் தேயிலைத் தோட்டத்துல எங்கக்கா வீட்டுக்கு அனுப்பிட்டேன். களி கிண்டறப்ப மூத்தவ ரெண்டு தட்டு எடுத்து வெச்சா, நான் என் தட்டைத் திருப்பி உள்ள வெச்சேன். அதை இவருகிட்டச் சொல்லி அழுதேன். போதுமாடா?"

ஹார்ட்விக் மண்ணைப் பார்த்தான். அவன் வீட்டிலும் அடுப்பு எரிகிற லட்சணம் எனக்குத் தெரியும். மெஷினை இறக்கச் சொல்லிக் கையைக் காட்டினான். "இதை மைதானத்துல சொல்லிடாதீங்க அத்தை" என்றான் தாழ்ந்த குரலில். பிறகு பதவி ஞாபகம் வந்தது போல நிமிர்ந்தான். "முன் வரிசையில இனிமே உங்களை விட முடியாது. பின்னாடி நில்லுங்க. கவுனைச் சரி பண்ணிக்கிட்டு வாங்க, லாரி நிக்கும்."

"பின்னாடின்னா பின்னாடி. ஆனா ஆடத்தான் போறேன்" என்றார் ஃபலேசி. கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை.

வைசன் கவுனின் இடுப்பைப் பிடித்துப் பார்த்தார். போன வருஷத்து அளவு ஞாபகத்தில் வெட்டியிருந்ததால் துணி தாராளமாகத் தொளதொளத்தது. ஃபலேசி அவ்வளவு இளைத்திருந்தார். மிச்சத்தைப் பின்பக்கம் மடிப்பு மடிப்பாகப் பிடித்தால் முகம் உள்ளே போய்விடும். வைசன் மண்டியிட்டு உட்கார்ந்து மடிக்கத் தொடங்கினார்.

மாஸ்டருக்கு இருப்புக் கொள்ளவில்லை. "கேட்டியா வைசன்? அவளே சொல்லிட்டா, அவ வாயாலயே! ஒரு வருஷமா நீ பேசினது அத்தனையும் சரின்னு ஆயிடுச்சு. சொல்லு, இப்பச் சொல்லு!" பெஞ்சு மொத்தமும் முன்னால் சாய்ந்தது. ஃபலேசி திரும்பாமல் நின்றார். தோள் மட்டும் விறைத்திருந்தது.

வைசன் குண்டூசிப் பெட்டியைத் திறந்து, ஒவ்வொன்றாக எடுத்து உதடுகளுக்கு இடையில் வைத்துக்கொண்டார். வேண்டியதற்கு மேலேயே வைத்தார். பிறகு மாஸ்டர் பக்கம் திரும்பி, ஊசிகள் நிரம்பிய வாயை விரலால் சுட்டிக் காட்டிவிட்டு, முதல் மடிப்பைப் பிடித்தார்.