வாயைப் பார்த்தார்கள்

கார் சோதனை ஓடுதளத்தில் எல்லோருக்கும் அவர் மாமா. புதிய வேகக் கார்கள் கடைக்குப் போகுமுன் அவற்றை ஓட்டிப் பார்ப்பது அவர் பிழைப்பு. அதில் இரண்டு முறை தோள்பட்டை எலும்பு முறிந்தது. கோபம் மட்டும் முறியவில்லை.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. காருக்கு என்ன நோயோ அதற்கேற்ற மிருகப் பெயர். ஸ்டியரிங்கைத் திருப்பியும் நேரே போனால் எருமை. நடுவழியில் நின்று அடம்பிடித்தால் கழுதை. நோய் தீர்ந்தால் பெயரும் போய்விடும். பெயரோடு ஒரு கார் வெளியே போகக் கூடாது.

சிவப்புக் காருக்கு மாமா வைத்த பெயர் முதலை. வளைவில் சாதுவாகப் போகும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் போதும், பின்பக்கம் வாலைச் சுழற்றி அடிக்கும். தரை ஈரமென்றால் கேட்கவே வேண்டாம்.

பட்டறைக்கு வந்த விற்பனை மேலாளர் காதில் அந்தப் பெயர் விழுந்தது. அடுத்த வாரமே காரின் மூக்கில் வாயைப் பிளந்தபடி ஒரு வெள்ளி முதலை.

“யாரைக் கேட்டு ஒட்டினீங்க? அது வியாதியோட பேருங்க!”

“கெத்தா இருக்கு மாமா. ஜனங்க மயங்கிட்டாங்க. நீங்க சொல்ற கோளாறை அடுத்த மாடல்ல பார்த்துக்கலாம்.”

“வாயைப் பார்த்தீங்க. வாலைப் பார்த்தீங்களா?”

மேலாளர் சிரித்தார். மாமாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்குப் போனால் அங்கே இன்னொரு இடி. விற்பனைப் பிரிவில் வேலை பார்க்கும் மகள்தான் அறிமுக விழாவில் அந்தக் காரை ஓட்டப்போகிறாள்.

“அதுல ஏறாதே. வாலடிக்கும்.”

“எங்கப்பா வெச்ச பேருன்னு ஆபீஸ் பூரா சொல்லிட்டேன்ப்பா. உங்களுக்கு எதுலதான் குத்தம் தெரியல? பிரிட்ஜ் உறுமுதுன்னு அதுக்கே கரடின்னு பேர் வெச்ச ஆளு!”

விழாவன்று காலையிலிருந்து தூறல். மகள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். மேலாளர் கையிலிருந்த சாவியை மாமா பிடுங்கினார். யாரும் தடுக்குமுன் கார் கிளம்பிவிட்டது.

இரண்டாவது வளைவில், வேண்டுமென்றே காலை எடுத்தார்.

கார் இரண்டு சுற்றுச் சுற்றியது. புல்லைக் கிழித்துக்கொண்டு போய், வந்த திசையைப் பார்த்து நின்றது. கூட்டத்தில் கைதட்டல். யாரோ விசிலடித்தார்கள்.

“பார்த்தீங்களா முதலையோட ஆட்டத்தை!” மேலாளர் மைக்கில் கத்தினார். முன்பதிவு மேஜையை நோக்கிக் கூட்டம் நகர்ந்தது.

மகள் மட்டும் சேற்றில் ஓடிவந்து கதவைத் திறந்தாள். ஸ்டியரிங்கைவிட்டு அவர் கை வரவில்லை. அவள்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள்.

“நான் ஓட்டலப்பா. சத்தியமா ஓட்டல. இறங்குங்க.”

“நீ ஓட்டல. சரி.” மேஜையைச் சூழ்ந்த தலைகளை அவர் காட்டினார். “அவனுங்க?”

அவள் சாவியை உருவிக்கொண்டாள். முன்பதிவை நிறுத்த மேஜையை நோக்கி நடந்தாள். கார் சுற்றியதில் இடிபட்ட முழங்காலோடு அவர் நொண்டியபடி அவளுக்கு முன்னால் போய்விட்டார்.